வார்டுக்கு மதிப்பெண் போடும் மாணவிகள்

செவிலியர் கல்வி: வாசகர் கேள்வி – பதில்

நர்சிங் மாணவ மாணவியர் ஒவ்வொரு போஸ்டிங் (மருத்துவமனை வார்டில் பெறும் பயிற்சிக் காலம்) முடிந்ததும் தாங்கள் பயின்ற வார்டைப் பற்றி ஒரு மதிப்பீட்டுப் படிவம் நிரப்பித் தருகிறார்கள். அந்தப் படிவத்தைக் குறித்துச் சென்ற இதழில் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்துக்கு, நெடுங்காலம் செவிலியர் கல்லூரிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் பதில் அளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடி வெளியிடவில்லை.

கேள்வி: படிவத்தை டியூட்டர் (வார்டுக்குக் கூட வரும் கல்லூரி ஆசிரியர்) எதிரிலேயே நிரப்பித் தருகிறோம். எங்களுடைய கிளினிக்கல் (வார்டுப் பயிற்சி) மதிப்பெண்ணைப் போடுபவரும் அதே டியூட்டர்தான். அதனால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று டிக் செய்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். உண்மையை எழுதினால் என்ன ஆகும்? எழுதாவிட்டால்தான் என்ன ஆகிவிடும்?
– பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி, மதுரை மாவட்டம்

எழுதாவிட்டால் நடப்பது தெரிந்த கதைதான். அடுத்த பேட்ச் அதே வார்டுக்கு வரும். நீங்கள் நின்ற இடத்திலேயே அவர்களும் கையில் பாக்கெட் நோட்டுடன் நிற்பார்கள். 'மாணவியர் முழுத் திருப்தி' என்ற சுருக்கம் ஒரு ஃபைலில் சேர்ந்து, ஆய்வுக் குழு வரும் நாளில் மேசைக்கு வரும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக், 2017இல் திருத்திய தரமதிப்பீட்டு முறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு சேர்க்கப்பட்டதிலிருந்து இத்தகைய ஃபைல்கள் பெருகியிருக்கின்றன. அவற்றில் எத்தனை மாணவியர் மனம் திறந்து எழுதியவை என்று கேட்டால், பெரும்பாலான கல்லூரிகளில் பதில் சங்கடமாகத்தான் இருக்கும்.

ஆனால் இதில் முதல் குற்றவாளி நீங்கள் அல்ல, ஏற்பாடு. மதிப்பெண் போடுகிறவர் எதிரில் உட்கார்ந்து அவர் மேற்பார்வையிட்ட வார்டைப் பற்றி எழுதச் சொல்வது, பதிலை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து மட்டும் கேட்பதாகும். இந்தப் படிவத்தை டியூட்டர் வாங்கக் கூடாது. உள்மதிப்பீட்டு மதிப்பெண் பதிவாகி முடிந்த பிறகு, அந்தப் போஸ்டிங்கோடு தொடர்பில்லாத ஒருவர் வாங்க வேண்டும். பெயரைக் கேட்காமல் விட்டால் போதும் என்று பல கல்லூரிகள் நினைக்கின்றன. ஒரு வார்டுக்கு ஐந்து பேரே சென்றிருக்கும்போது கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே நாலைந்து குழுக்கள் ஒரே வார்டைச் சுற்றி முடிக்கும்வரை படிவங்களைப் பிரிக்காமல் வைத்திருந்து, பிறகு ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். இதை உங்கள் வகுப்புப் பிரதிநிதி மூலம் எழுத்தில் கேளுங்கள். மதிப்பெண் பதிவான பிறகு படிவத்தைத் தாருங்கள் என்று கேட்பதை எந்த முதல்வராலும் ஒழுங்கீனம் என்று சொல்ல முடியாது.

இதற்கு நான் இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் வகுப்பறைப் பாடத்தின் ஒரு கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) ஒரு பருவத்துக்கு 20 மணி நேரம். கிளினிக்கலில் அதே ஒரு கிரெடிட் 80 மணி நேரம். பட்டம் பெறும் முன் கிளினிக்கல் வருகை நூறு சதவீதமாக இருந்தாக வேண்டும். வகுப்பு சரியில்லை என்றால் நூலகத்தில் உட்கார்ந்து ஈடுகட்டிவிடலாம். வார்டுக்கு அப்படி மாற்று வழி கிடையாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அங்கேதான் நின்றாக வேண்டும் என்று விதிக்கப்பட்டவர், அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்லும் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டால் அவர் கையில் என்ன மிஞ்சும்?

சரி, எப்படி எழுதுவது? தீர்ப்பை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். 'வசதிகள் போதவில்லை' என்ற வரியை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. 'பிபி கருவி ஒன்றுதான் இருந்தது. அதையும் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி இன்சார்ஜ் சிஸ்டரிடம் இருந்தது. அவர் மீட்டிங் போன நாட்களில் நாங்கள் வைட்டல்ஸ் பார்க்கவில்லை, முந்தைய ஷிஃப்ட் எழுதியதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டோம்' என்று எழுதினால், படிப்பவர் அன்றைக்கே இன்னொரு கருவிக்கு ஏற்பாடு செய்யலாம். பார்க்காத ரத்த அழுத்தத்தை எழுதும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே ஊறிவிடுகிறது என்ற அபாயமும் அவருக்குப் புரியும். அதேபோல் நல்லதையும் குறிப்பாக எழுதுங்கள். டிரெஸ்ஸிங் டிராலியை உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் அடுக்கி முடிக்கும்வரை பொறுமையாக நின்று, கிட்னி டிரேயை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று மட்டும் திருத்திய ஸ்டாஃப் ஒருவர் இருந்திருந்தால் அது படிவத்தில் ஏற வேண்டும். நல்லதைச் செய்கிற ஸ்டாஃபுக்கு அது ஒருநாளும் தெரியாமலே போவதும் நம் வார்டுகளின் குறைதான்.

ஒரு எச்சரிக்கை. பாலியல் தொல்லை, அடித்தல், சாதி சொல்லி இழிவுபடுத்துதல் போன்றவை இந்தப் படிவத்தில் எழுத வேண்டியவை அல்ல. அவை புகார்கள், காத்திருக்காமல் முறைப்படி கொடுக்கப்பட வேண்டியவை. பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவமனையிலும் கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். நேராக அங்கே எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: காலையில் மூன்று கல்லூரிகளின் மாணவிகள் ஒரே நேரத்தில் என் வார்டுக்குள் நுழைகிறார்கள். நோயாளிகள் படுக்கையிலும் தரையிலுமாக இருப்பார்கள். ஸ்டாஃப் நாங்கள் இரண்டு பேர். கூட வரும் டியூட்டர் வருகைப்பதிவு எடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கடைசியில் 'ஸ்டாஃப் சொல்லித் தரவில்லை' என்று எழுதுகிறார்களாம். எங்கள் கருத்தை யாராவது கேட்டார்களா?
– வார்டு இன்சார்ஜ், அரசு மருத்துவமனை, கொங்கு மண்டலம்

கேட்டிருக்க வேண்டும். உங்கள் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அந்தக் கோபம் போய்ச்சேர வேண்டிய முகவரி மாணவிகளுடையது அல்ல.

கவுன்சிலின் விதிப்படி ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்கில் படுக்கைகள் இருக்க வேண்டும். பத்து மாணவியருக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். தாளில் எல்லாக் கல்லூரியும் இந்தக் கணக்கைச் சரியாகவே காட்டும். ஒரே நாற்பது படுக்கைகளை மூன்று கல்லூரிகளும் தங்கள் தங்கள் கணக்கில் காட்டும்போதுதான் உங்கள் வார்டின் காலை நேரம் உருவாகிறது. எந்தக் கல்லூரி எந்த வார்டில் எந்த வாரம் என்பதை மருத்துவமனையின் நர்சிங் கண்காணிப்பாளர் அலுவலகம் ஒரே அட்டவணையாகப் போட்டு, நிரம்பிய வார்டுக்கு மேற்கொண்டு அனுமதி தர மறுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அனுமதிக் கட்டணம் வாங்குகிற இடத்துக்கு மறுக்கும் கடமையும் இருக்கிறது.

ஆனாலும் மாணவிகள் எழுதியதை முழுவதும் தள்ளிவிட வேண்டாம். வார்டின் கற்றல் சூழலைத் தீர்மானிப்பதில் வார்டு சிஸ்டருக்கு இருக்கும் இடம் பற்றி 1980களின் தொடக்கத்திலேயே பிரிட்டனில் ஆர்ட்டன், ஃப்ரெட்வெல் போன்றவர்கள் ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். பரபரப்பான வார்டா, அமைதியான வார்டா என்பதைவிட, அந்த வார்டை நடத்துகிறவர் மாணவியை வார்டில் ஒருத்தியாக எண்ணுகிறாரா, இடைஞ்சலாக எண்ணுகிறாரா என்பதே அவளுக்குப் பெரிதாகப் படுகிறது. எனவே 'சொல்லித் தரவில்லை' என்ற வரியில் சில சமயம் 'எங்களை ஆளாகவே எண்ணவில்லை' என்ற பொருள் ஒளிந்திருக்கும். முன்னதைச் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இல்லை என்பதை ஏற்கிறேன். பின்னதைச் சரிசெய்ய அவ்வளவு நேரம் தேவையில்லை.

உங்களிடம் நான் கேட்பவை சிறியவை. மாணவிக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்காமல் நோயாளியைப் பிரித்துக் கொடுங்கள். எல்லா நோயாளிக்கும் டெம்பரேச்சர் மட்டும் பார்க்கும் மாணவி ஒரு நோயாளியைக்கூட அறிந்துகொள்வதில்லை. இரண்டு நோயாளிகளை முழுவதுமாக ஏற்றுக்கொண்டவள், அவர்களுடைய படுக்கை, மருந்து, யூரின் அளவு, வீட்டுக் கவலை எல்லாவற்றையும் அறிந்துகொள்கிறாள். உங்கள் கைக்கும் இரண்டு நோயாளிகள் குறைகிறார்கள். காலையில் ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் நேரத்தில் அவர்களை வராந்தாவில் நிறுத்தாமல் பக்கத்தில் நிறுத்திக் கேட்க விடுங்கள். மற்றது டியூட்டரின் பொறுப்பு. அவர் வருகைப்பதிவோடு மறைவதைப் பற்றி வாராவாரம் ஒரு வரி எழுதிக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். மாணவிகள் வார்டை மதிப்பிடுவது போல் வார்டும் கல்லூரியை மதிப்பிடும் ஒரு படிவம் வேண்டும் என்பது என்னுடைய பழைய கோரிக்கை. இதுவரை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கல்லூரியும் மருத்துவமனையும் இப்படி இரண்டு கரைகளாக நிற்பது இயற்கை விதி அல்ல. 1946லேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நர்சிங் ஆசிரியர்கள் வகுப்பறைப் பொறுப்போடு மருத்துவமனைப் பொறுப்பையும் வகிக்கிறார்கள். பாடம் நடத்துகிறவரே வார்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தால், 'ஸ்டாஃபா, டியூட்டரா' என்ற வழக்கு எழவே இடம் குறைவு. அரசு மருத்துவமனைக்கு வரும் வெளிக்கல்லூரிகளில் அதை அப்படியே செய்ய முடியாது என்றாலும், டியூட்டர் ஷிஃப்ட் முடியும்வரை வார்டில் இருப்பது அதற்கான முதல் படி.

கேள்வி: கிளினிக்கல் கற்றல் சூழலை மாணவியர் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதை எம்.எஸ்சி. ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். நானே கேள்விகள் தயாரிக்கலாமா, வெளிநாட்டு அளவுகோலைப் பயன்படுத்தலாமா? தமிழில் மொழிபெயர்க்க வேண்டுமா?
– எம்.எஸ்சி. நர்சிங் மாணவி, சென்னை

நீங்களே தயாரிக்க வேண்டாம். ஏற்கெனவே பல நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டவை இருக்கின்றன. பின்லாந்தின் மிக்கோ சாரிகோஸ்கி உருவாக்கி 2002இல் வெளியான அளவுகோல், நர்சிங் ஆசிரியரின் பங்கும் சேர்க்கப்பட்டு 2008இல் 'சி.எல்.இ.எஸ். பிளஸ் டி' என்று விரிந்தது. அதில் 34 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் பதில். வார்டின் கற்பிக்கும் சூழல், வார்டுத் தலைவரின் போக்கு, வார்டில் நோயாளிப் பராமரிப்பு நடக்கும் விதம், மேற்பார்வை உறவு, ஆசிரியரின் பங்கு என ஐந்து பகுதிகள். இதை வைத்து ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, குறைந்தது ஏழு வாரமாவது ஒரே இடத்தில் பயின்று, தனக்கென ஒரு மேற்பார்வையாளர் அமைந்த மாணவரே அதிகத் திருப்தியுடன் இருந்தார் என்று கண்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வார்டு மாறும் நம் மாணவியரை நினைத்தால் உங்கள் ஆய்வுக்கு நல்லதொரு கேள்வி இங்கேயே கிடைக்கும்.

இன்னொன்று, ஆஸ்திரேலியாவில் டொமினிக் சான் உருவாக்கியது. சூழல் இப்போது எப்படி இருக்கிறது, எப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரே மாணவரிடம் இரண்டு வடிவங்களில் கேட்பது இதன் தனித்தன்மை. நம் மாணவியர் நேரடியாகக் குறை சொல்லத் தயங்குவார்கள். ஆனால் 'எப்படி இருக்க வேண்டும்' என்று கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அவர்கள் சொல்லாமல் விட்டதை உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

எதை எடுத்தாலும் உருவாக்கியவரிடம் அனுமதி பெறுங்கள். மொழி பற்றிய கேள்விக்கு வருகிறேன். பாடம் ஆங்கிலத்தில் என்பதால் படிவமும் ஆங்கிலத்திலேயே இருக்கலாம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்த முதலாம் ஆண்டு மாணவிக்கு ஐந்து படிகளின் நுண்ணிய வேறுபாடு ஆங்கிலத்தில் பிடிபடாது. நடுப்படியில் வரிசையாக டிக் போட்டு முடித்துவிடுவாள். தமிழாக்கம் செய்து, இன்னொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி மூலத்தோடு ஒப்பிட்டு, சிலரிடம் முன்சோதனை நடத்திய பிறகே பயன்படுத்துங்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பின்லாந்தில் மேற்பார்வையாளர் என்றால் வார்டில் மாணவருக்கென ஒதுக்கப்பட்ட செவிலியர். இங்கே அந்தக் கூற்றைப் படிக்கும் ஒரு மாணவி டியூட்டரை நினைப்பாள், இன்னொருத்தி ஸ்டாஃபை நினைப்பாள், மூன்றாமவளுக்கு அப்படி யாருமே இருந்திருக்க மாட்டார்கள். 'உங்கள் மேற்பார்வையாளர் யார்?' என்ற ஒரு கேள்வியை முன்னால் சேர்க்காமல் விட்டால் அந்தப் பகுதி முழுவதும் பயனற்றுப் போகும்.

மொத்தக் கல்லூரிக்கும் ஒரே சராசரி எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அருமையான குழந்தைகள் வார்டும் மோசமான அவசர சிகிச்சைப் பிரிவும் சேர்ந்தால் 'பரவாயில்லை' என்ற எண் கிடைக்கும். உண்மையில் அப்படி ஒரு வார்டு எங்குமே இருக்காது.

கேள்வி: ஆண் மாணவர்களை லேபர் ரூமுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். இதைப் படிவத்தில் எழுதினால் எதற்கு வம்பு என்கிறார்கள் நண்பர்கள்.
– பி.எஸ்சி. நர்சிங் நான்காம் ஆண்டு மாணவர், தென்காசி

எழுதுங்கள். பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் மகப்பேறு நர்சிங் ஆண் மாணவருக்கு வேறு, பெண் மாணவிக்கு வேறு என்று இல்லை. பார்த்த, செய்த பிரசவங்களைக் குறிக்கும் லாக் புக்கில் நிரப்ப வேண்டிய எண்ணிக்கையும் ஒன்றுதான். தாயின் சம்மதம் இல்லாமல் யாரும் உள்ளே நிற்கக் கூடாது என்பது உங்களுக்கும் பொருந்தும், மாணவிகளுக்கும் பொருந்தும். ஆனால் எந்தத் தாயிடமும் கேட்காமலே உங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது வேறு விஷயம். எத்தனை நாள் வெளியே நின்றீர்கள், பார்க்காத பிரசவங்களை லாக் புக்கில் எப்படி நிரப்பச் சொன்னார்கள் என்ற இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவது தகவல்தான் கல்லூரியை அசைக்கும்.

கேள்வி: மகளை நர்சிங்கில் சேர்க்க விரும்புகிறேன். சில கல்லூரிகளில் மாணவிகளை ரத்த மாதிரி எடுத்துப் போகவும் ஸ்ட்ரெச்சர் தள்ளவும்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சேரும் முன்பே இதை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தந்தை, விழுப்புரம்

ஸ்ட்ரெச்சர் தள்ளுவதே தவறு என்று எண்ண வேண்டாம். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் நோயாளியோடு போகிற மாணவி, அவர் பயத்தைப் பார்க்கிறாள், ஐவி பாட்டிலைப் பிடிக்கிறாள், கேஸ் ஷீட்டை ஒப்படைக்கும் முறையைப் பார்க்கிறாள். நோயாளி யார், எதற்காகப் போகிறார் என்றே தெரியாமல் நாள் முழுவதும் தள்ளிக்கொண்டிருந்தால்தான் அது ஊழியர் பற்றாக்குறையை மாணவியைக் கொண்டு அடைப்பதாகும். இந்த ஆபத்து கடைசிப் பருவத்தில் கூடுதல். அப்போதைய இன்டர்ன்ஷிப் 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நன்றாக நடத்தினால் பெண் முழுச் செவிலியராக வெளியே வருவாள், இல்லையென்றால் சம்பளமில்லாத ஆளாகக் கழித்துவிட்டு வருவாள்.

கட்டடத்தையும் ஆய்வகப் பொம்மைகளையும் காட்டுவார்கள். அவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். கல்லூரி தன்னுடையது என்று காட்டும் தாய் மருத்துவமனை உண்மையில் அதற்குச் சொந்தமானதா, தாளில் காட்டும் நூறு படுக்கைகளில் உண்மையில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று ஒரு வேலைநாளில் நேரில் போய்ப் பாருங்கள். மாணவிகளை வேறு எந்த மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள், எவ்வளவு தூரம், எத்தனை மாணவியருக்கு ஒரு டியூட்டர் கூடப் போகிறார், அவர் எத்தனை மணிவரை வார்டில் இருக்கிறார் என்று கேளுங்கள். மதியம் கல்லூரிப் பேருந்து திரும்பும் நேரத்தில் வாசலில் நின்று இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவியர் இருவரிடம், "இன்றைக்கு உங்கள் நோயாளிக்கு என்ன நோய், என்ன மருந்து?" என்று கேட்டுப் பாருங்கள். கடகடவென்று சொன்னால் ஒரு பொருள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் வேறொரு பொருள்.

பிறகு முதல்வரிடம் ஒரு கேள்வி: "போன வருடம் மாணவியர் வார்டைப் பற்றி எழுதிக் கொடுத்ததை வைத்து நீங்கள் மாற்றிய ஒன்றைச் சொல்லுங்கள்." ஒரு வார்டிலிருந்து மாணவியரை விலக்கியதாகவோ, இரண்டு வாரப் போஸ்டிங்கை நான்கு வாரமாக்கியதாகவோ, ஒரு டியூட்டரைக் கூடுதலாகப் போட்டதாகவோ அவர் சொன்னால் விண்ணப்பத்தை நம்பி வாங்கலாம். "எங்கள் மாணவிகளுக்குக் குறையே இல்லை" என்று சொன்னால், அடுத்த கல்லூரிக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள்.